ஸ்கார்ப்பியோக்களுக்கு நடுவே ஒரு பத்மினி

மாலை ஆறரை மணி. நந்தனம் சிக்னலில் சிவப்பு. இடப்பக்கம் ஒரு ஸ்கார்ப்பியோ-என், வலப்பக்கம் ஒரு ஃபார்ச்சூனர், பின்னால் முட்டிக்கொண்டு ஒரு தார் ராக்ஸ். மூன்றுக்கும் நடுவே க்ரீம் கலரில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி. அதை ஓட்டுகிறவர் பக்கவாட்டில் திரும்பினால் பக்கத்து டிரைவரின் முகம் தெரியாது. கதவுக் கைப்பிடிதான் தெரியும். உள்கண்ணாடியில் பார்த்தால் பின்வண்டியின் கிரில் மட்டும். பச்சை விழுந்ததும் இரு பக்க வண்டிகளும் சீறிப் பாய்ந்துவிடும். இவர் கை கியரைப் போட்டு, கிளட்சை நிதானமாக விட்டு நகர்வதற்குள் பின்னாலிருந்து நாலு ஹாரன் அடித்திருக்கும்.

பத்மினியையோ ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ ஞாயிற்றுக்கிழமை ராலிக்கு மட்டும் துடைத்து எடுத்து வருகிறவர்கள் உண்டு. அவர்கள் கதை வேறு. தினமும் ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் அதிலேயே போய் வருகிற சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த சிக்னல் அன்றாடம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இத்தாலியின் ஃபியட் 1100 டி-யை மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964 முதல் தயாரித்தது. ஃபியட்டோடு ஒப்பந்தம் முடிந்த பிறகு அதே கார் பெயர் மாறி, 1974-லிருந்து பத்மினி ஆனது. நீளம் 3,930 மி.மீ. அகலம் 1,460. உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடை 900 கிலோவுக்குள். 1,089 சி.சி. என்ஜின் கொடுப்பது சுமார் 40 குதிரைத்திறன். ஸ்கார்ப்பியோ-என் வண்டியின் அகலம் 1,917, உயரம் 1,857. நாலு சக்கரத்துக்கும் விசை போகும் டீசல் ஃபார்ச்சூனரின் எடை இரண்டு டன்னைத் தாண்டும். சக்தியோ 200 குதிரைத்திறன்.

பெரிய வண்டியோடு சின்ன வண்டியை ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியத்தானே செய்யும் என்று கேட்கலாம். சரி, இன்று சின்ன கார் என்று விற்கப்படுகிறவற்றையே எடுத்துக்கொள்வோம். மாருதி ஸ்விஃப்ட் 3,860 மி.மீ. நீளம், அதாவது பத்மினியைவிட 7 செ.மீ. குட்டை. ஆனால் அகலம் 1,735. பத்மினியைவிட 27 செ.மீ. கூடுதல். பிரெஸ்ஸா நீளத்தில் பத்மினியைவிட ஆறரை செ.மீ.தான் பெரியது, அகலத்தில் 33 செ.மீ., உயரத்தில் 20 செ.மீ.க்கும் மேல். இன்னொன்று: ஒரு காலத்தில் கலெக்டரும் அமைச்சரும் போன ‘பெரிய’ காரான அம்பாசடரின் அகலம் 1,662 மி.மீ. இன்றைய ஸ்விஃப்ட் அம்பாசடரைவிட அகலமானது! ஹூண்டாய் கிரெட்டாவும் அம்பாசடரும் நீளத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். அகலத்தில்தான் கிரெட்டா 13 செ.மீ. முந்துகிறது.

ஆக, நம்மூர் கார்கள் நீளவில்லை. குறுக்கே பெருத்து, மேலே வளர்ந்திருக்கின்றன. இது தற்செயல் அல்ல. இதற்குப் பின்னால் ஒரு பட்ஜெட் இருக்கிறது.

2006 பிப்ரவரியில் நிதியமைச்சர் ப.சிதம்பரம் தாக்கல் செய்த பட்ஜெட்டில் சின்ன காருக்கு ஒரு வரையறை வந்தது: நீளம் 4,000 மி.மீ.க்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள். இதற்குள் அடங்கும் கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. சின்ன கார் தயாரிப்பில் இந்தியா உலகத்தின் மையமாக வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் தவறில்லை. ஆனால் அளவெடுத்த டேப் நீளவாக்கில் மட்டுமே போனது. அகலத்துக்கும் உயரத்துக்கும் எடைக்கும் வரம்பே கிடையாது.

கம்பெனிகள் கெட்டிக்காரர்கள். டாடா இண்டிகோவின் டிக்கியை வெட்டி, 2008-ல் இண்டிகோ சி.எஸ். வந்தது. 2012-ல் டிசையரின் பின்பக்கம் குறுகியது. அடுத்த வருஷமே மறைமலை நகர் ஆலையிலிருந்து ஃபோர்டு எக்கோஸ்போர்ட் இறங்கியது. நீளம் 3,999 மி.மீ. வரம்புக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைவு! இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வென்யூ, ஒரகடத்தில் நிசான் மேக்னைட் என்று அதே அச்சில் வரிசையாக வந்தன. நாலு மீட்டருக்குள் அடக்கி, மிச்சமிருந்த இரண்டு பக்கமும் ஊதினார்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் இந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு 18, பெரியவற்றுக்கு 40 சதவீதம் என்று வரி மாறியபோதும் அதே நாலு மீட்டர்தான் எல்லை.

ஜப்பானில் டேப்பை மூன்று பக்கமும் வைத்தார்கள். அங்கே ‘கேய்’ என்றொரு சின்ன கார் வகை. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48, உயரம் 2 மீட்டர், என்ஜின் 660 சி.சி. இதில் எதைத் தாண்டினாலும் சலுகை போயிற்று. அங்கே விற்கும் புதுக் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்த வகை. 1983 டிசம்பரில் டெல்லியில் முதல் சாவி கொடுக்கப்பட்ட மாருதி 800-கூட சுஸுகியின் இந்தக் குட்டி கார் குடும்பத்திலிருந்து வந்ததுதான். பத்மினி நீளத்தில் தோற்றாலும் அகலத்தில் இந்த விதிக்குள் அடங்கிவிடும்.

அகலத்தில் கூடியிருக்கும் இந்த 30 செ.மீ.க்கு என்ன மதிப்பு என்பது மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் திருவல்லிக்கேணியிலும் தெரியும். எதிரே ஒரு ஆட்டோ வந்தால் பத்மினி ஓரங்கட்டி வழிவிட்டுப் போய்விடும். அதே இடத்தில் ஒரு எஸ்.யூ.வி. வந்தால் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்க வேண்டும். பிறகு இறங்கி வந்து வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் தூண்களுக்கு நடுவிலும் இதே கதை. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி ஒரு கார் நிறுத்துமிடம் என்றால் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அதில் ஸ்கார்ப்பியோ-என் நின்றால் இரு பக்கமும் சேர்த்து மிச்சம் 58 செ.மீ.; கதவைத் திறந்து வயிற்றை எக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பத்மினி நின்றால் ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம். எந்த அபார்ட்மென்டிலும் அடித்தளத் தூண்களைப் பாருங்கள். இடுப்பு உயரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பெயின்ட் தேய்ந்த கோடுகள் இருக்கும். அவற்றைப் போட்டவை பழைய கார்கள் அல்ல.

சென்னைக்காரர்கள் இந்த இடத்தில் ஹெரால்டை நினைக்காமல் இருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை, வண்டலூர் பக்கத்து ஆலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் 1961 முதல் தயாரித்தது. வடிவம் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலாட்டியுடையது. நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்துக்காரர்களுக்கே கிடைக்காதது. அது நம் ஊரில் மட்டும் வந்தது. அந்தக் காரின் பெருமை அது திரும்புகிற விதம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். முட்டுச்சந்தில் போய் மாட்டிக்கொண்டாலும் ரிவர்ஸ் போடாமலே தப்பித்து வந்துவிடலாம். பானெட்டோடு முன்பக்க மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாயும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து, சம்மணம் போடாத குறையாக வேலை பார்ப்பார். இன்றைய காரின் பானெட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. கையே உள்ளே போகாது.

இட வசதி சரி. ஓட்டுவது?

காலையில் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை இரண்டு தடவை அழுத்திவிட்டு, சாவியைத் திருப்ப வேண்டும். என்ஜின் பிடித்ததும் சோக்கை மெல்ல மெல்ல உள்ளே தள்ள வேண்டும். மறந்துவிட்டால் தெருமுனை போவதற்குள் பெட்ரோல் வாடையும் கரும்புகையும். பவர் ஸ்டீயரிங் கிடையாது; நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை சொல்லும். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அதனால் முன்வண்டிக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டே போக வேண்டும். சென்னையில் இடைவெளி விட்டால் என்ன ஆகும்? ஒரு ஸ்கூட்டர் நுழையும். அதற்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ. மறுபடி பிரேக். பழைய வண்டிக்காரர்கள் ஒரு பயணம் முழுக்க இப்படிப் பின்வாங்கிக்கொண்டேதான் போகிறார்கள். அதிலேயே கண்ணும் காலும் களைத்துப்போகும்.

மே மாதம் வந்தால் அசல் சோதனை. மத்தியானம் ஒரு மணிக்கு கிண்டி பக்கம் நெரிசலில் இருபது நிமிஷம் ஊர்ந்தால், பத்மினி லேசாக இருமும், குலுங்கும், நின்றுவிடும். ஸ்டார்டர் சுற்றும், என்ஜின் பிடிக்காது. மெக்கானிக்குகள் இதை ஏர் லாக் என்பார்கள். உண்மையில் உள்ளே அடைத்திருப்பது காற்றல்ல. பெட்ரோல் பம்ப் என்ஜினை ஒட்டியே உட்கார்ந்திருப்பதால், சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிறது. ஆவியை உறிஞ்சித் தள்ள அந்தப் பம்புக்குத் தெம்பில்லை. வைத்தியம் மிகப் பழையது. டிக்கியிலிருந்து ஒரு பனியன் துணியை எடுத்து, பாட்டில் தண்ணீரில் நனைத்து, பம்பின் மேல் சுற்றி, பானெட்டைத் திறந்துவைத்துக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். துணியிலிருந்து ஆவி பறக்கும். பின்னால் நிற்கிற எஸ்.யூ.வி.க்காரர் ஏ.சி. போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹாரனில் கைவைத்திருப்பார். பத்மினிக்கும் ஏ.சி. உண்டு என்று சிலர் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திப் பார்த்தார்கள். 40 குதிரைகளில் பாதி அந்த வேலைக்கே போய்விட்டதுபோல் வண்டி மேம்பாலம் ஏறும்.

ராத்திரி இன்னொரு தொல்லை. பத்மினியின் வட்ட ஹெட்லைட் சாலையில் மஞ்சளாய் ஒரு திட்டு போடும். எதிரே வருகிற எல்.இ.டி. விளக்கோ உயரமான வண்டியில் பொருத்தப்பட்டு, தாழ உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக விழும். லோ பீம் என்று அவர்கள் சொல்வதே இவர்களுக்கு ஹை பீம்.

சரி, பெரிய வண்டி வாங்குகிறவர்கள் எல்லாம் பந்தாவுக்காகத்தான் வாங்குகிறார்களா? அப்படிச் சொல்லிவிட்டால் கட்டுரை சுலபமாக முடியும், நியாயம் ஆகாது. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த நகரம் இது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டியில் ஒரு நிம்மதி இருக்கிறது. குழியும் சொல்லாமல் முளைக்கும் ஸ்பீடு பிரேக்கரும் அந்த நிம்மதிக்கு இன்னும் விலை கூட்டுகின்றன. மோதினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் பழைய காரிடம் நல்ல பதில் இல்லை. ஏர்பேக் கிடையாது, முற்காலத்துப் பத்மினிகளில் சீட் பெல்ட்கூட இல்லை. குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து பைபாஸில் போகிறவர் இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் ஒருவருடைய பாதுகாப்பு அடுத்தவருடைய ஆபத்தாகவும் ஆகிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023-ல் சுமார் 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்தது. பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலமும் சரிவும் கொண்ட கார்களைவிட, மோதியவரைக் கொல்லும் வாய்ப்பு 45 சதவீதம் அதிகம் என்று கண்டது. தாழ்ந்த கார் காலில் தட்டி ஆளை பானெட் மேல் சாய்க்கும். உயர்ந்தது நெஞ்சிலும் தலையிலும் அடிக்கும். ஒவ்வொருவரும் தன் பத்திரத்துக்காக ஒரு படி மேலே ஏற, தரையோடு இருப்பவர்களுக்கு, அதாவது நடப்பவர், டூவீலர்காரர், பத்மினிக்காரர் ஆகியோருக்கு, தெரு இன்னும் மோசமாகிறது. 2023-24-ல் இந்தியாவில் விற்ற சுமார் 42 லட்சம் பயணிகள் வாகனங்களில் 25 லட்சம், எஸ்.யூ.வி.க்கள் அடங்கிய யுடிலிட்டி வகை.

ஐரோப்பாவிலும் இதே புலம்பல். அங்கே விற்கும் புதுக் கார்களின் சராசரி அகலம் 2018-ல் 177.8 செ.மீ. ஆக இருந்து, 2023 முதல் பாதியில் 180.3 ஆகிவிட்டது. பாரிஸ் மக்கள் 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, வெளியூரிலிருந்து வரும் கனமான கார்களுக்கு பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். நகரின் மையத்தில் மணிக்கு 18 யூரோ. வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் எடைபோட்டு வசூலிக்கிறார்கள். நாம் நீளத்தை அளந்து தள்ளுபடி கொடுக்கிறோம்.

பழைய காருக்கு நம் அரசு என்ன செய்கிறது? 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகன விதிகளைக் கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, அசல் வடிவம் கெடாமல் இருந்தால் வின்டேஜ். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், நம்பரில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே தொடரலாம். ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, சர்வீஸுக்கு விட என்று மட்டும் தெருவுக்கு வரலாம். மார்க்கெட்டுக்குப் போகிற பத்மினிக்கு இது உதவாது. அதற்குச் சாதாரணப் பதிவுதான் வழி. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மோட்டார் வாகன ஆய்வாளர் முன் நிறுத்தி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும், கூடவே பசுமை வரி. 15 வயது கடந்த காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. டெல்லி வட்டாரத்தில் கொண்டுவரப்பட்டதுபோல 15 வயதில் பெட்ரோல் காரை ஓரங்கட்டும் விதி தமிழ்நாட்டில் இல்லை என்பதே ஆறுதல். மும்பையில் டாக்சிக்கு 20 வயது வரம்பு. 2003 அக்டோபர் 29 அன்று பதிவான கடைசி பத்மினி டாக்சி, சரியாக 20 வருஷம் ஓடி, 2023 அக்டோபரோடு வீதியை விட்டுப் போனது.

இப்போதைய கவலை பெட்ரோல் பங்கில் இருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல்தான் இனி எங்கும். எத்தனால் பழைய காலத்து ரப்பரை உப்பவைத்து இளக்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வாரம் ஒரு முறை எடுக்கிற வண்டியென்றால் டேங்கின் அடியில் துரு, சோலெக்ஸ் கார்புரேட்டருக்குள் வெள்ளைப் படிவம். விவரம் தெரிந்தவர்கள் பெட்ரோல் ஹோஸையும் பம்பின் டயாஃபிரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டார்கள். உதிரிபாகம்? ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இன்னும் தேடினால் கிடைக்கும். பிரேக் சாமான், கிளட்ச் பிளேட், சி.பி. பாயின்ட் எல்லாம் சிரமமில்லை. கண்ணாடி பீடிங், நிக்கல் போட்ட பம்பர், அசல் டெயில் லைட் என்று வெளித்தோற்றச் சாமான்தான் அகப்படாது. அகப்பட்டாலும் கடைக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

இவ்வளவு பாட்டுக்கும் நடுவில் ஏன் வைத்திருக்கிறார்கள்? பலருக்கு அது அப்பா வாங்கிய கார். வருஷக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருந்து வாங்கிய காலம் அது. 1964-ல் பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி 12,000 ரூபாய் ஃபியட்டுக்கு, கையிலிருந்தது போதாமல், பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். கடன் அடைவதற்குள் அவர் போய்விட, மனைவி லலிதா தன் பென்ஷனிலிருந்து கட்டி முடித்தார். அந்தக் கார் டெல்லியில் சாஸ்திரி நினைவில்லத்தில் நிற்கிறது. மூன்று பேர் உட்காரும் நீள முன்சீட்டில் திருப்பதிக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் போன குடும்பங்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ரஜினிகாந்தின் ஆரம்பகால ஃபியட்டைத் தெரியாத ரசிகரும் இல்லை. சிக்னலில் ஹாரன் அடித்த அதே ஆள், அடுத்த சிக்னலில் கண்ணாடியை இறக்கி, “சார், குடுக்கற ஐடியா இருக்கா?” என்று கேட்பதும் வழக்கம்தான்.

கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போவதால், வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் பானெட்டைத்தான் முதலில் திறக்கிறார்கள். என்ஜின் வேலை செலவு வைக்கும், ஆனால் தீர்ந்துவிடும். முதலில் மேட்டைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். கதவுக்குக் கீழே இருக்கும் ஓர மடிப்பை விரலால் தட்டிப் பாருங்கள். பொதபொதவென்று சத்தம் வந்தால் உள்ளே துருவும் வெளியே பட்டியும். அடுத்தது ஆர்.சி. பல பத்மினிகளில் நடுவில் டீசல் என்ஜின் ஏறியிருக்கும், அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா, என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போகின்றனவா, எஃப்.சி. உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். மூன்று எழுத்துப் பழைய நம்பர் பிளேட் அழகாக இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை கேட்பார்கள். எஃப்.சி. செத்துப்போயிருந்தால், அந்த நம்பருக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டாதீர்கள்.